அமாவாசை அன்று கேட்ட மாத்திரை

என் எம்.ஃபில். ஆய்வேட்டில் ஒரு பக்கத்தைப் பேராசிரியர் சிவப்பு மையால் குறுக்கே அடித்தார். "மருந்துக் கொள்கையைப் பத்தி எழுதச் சொன்னா பஞ்சாங்கம் எழுதியிருக்கீங்களே" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எழுபதுகளின் கடைசி அது. ஆரணிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர் வேலை, சனிக்கிழமைதோறும் சென்னைக்கு பஸ் பிடித்துப் பகுதி நேரப் படிப்பு.

அந்தப் பக்கத்தில் இருந்தது சகுந்தலா சொன்னது. பட்டுத்தறி நெய்கிறவள், டி.பி. நோயாளி. எங்களிடம் மாதத்தின் முதல் செவ்வாயன்று மாத்திரை இலவசம். மூன்று மாதம் வந்தாள், பிறகு காணோம். பாதியில் விட்டால் நோய் விடாது. ஆய்வுப் படிவத்தோடு வீட்டுக்கே போனேன். 'நிறுத்தியதற்குக் காரணம்' என்ற இடத்தில் 'விலை' என்று எழுதப் பேனாவைத் திறந்தும் விட்டேன்.

"ஓசி மாத்திரைக்கு இன்னா சார் வெலை? செவ்வாக்கெழம கியூல நின்னுகினு இருந்தா தறி நின்னுபூடும். மொதலாளி பாவு நூலை வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு. அமாவாசைல இங்க எவனும் தறில ஒக்கார மாட்டான். அன்னிக்குக் குடுங்களேன், வந்து வாங்கிக்கறோம்."

அத்தனை பொருளாதாரப் புத்தகம் படித்தும் எனக்கு இது தோன்றவில்லை. மேலிடத்துக்கு மனு எழுதினேன்.

"ஆர்டர் வரட்டும்மா" என்றேன் அவளிடம். சரியென்று தலையாட்டினாள்.

ஏழெட்டு அமாவாசை போனது. பதில் வரவில்லை. ஒரு நாள் அவள் கணவர் வந்து மருந்து அட்டையை மேசைமேல் வைத்தார். "இனிமே இது எதுக்கு சார்" என்றார். அந்தப் பக்கம் இல்லாமலே எனக்குப் பட்டம் கிடைத்தது.

பிறகு ஒரு டாக்டரம்மா மாற்றலாகி வந்தார். மனுவின் நகலைப் படித்துவிட்டுக் கேட்டார்: "செவ்வாய்னு எந்த ஆர்டர்ல இருக்கு? எடுங்க, பாக்கலாம்."

ஃபைல் முழுக்கத் தேடினேன். அப்படி ஓர் ஆர்டரே இல்லை. செவ்வாயன்று மற்ற நோயாளிகள் கூட்டம் குறைவு, ரிஜிஸ்டர் எழுத வசதி என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே வைத்த நாள் அது. வருஷங்கள் ஓடியதில் எனக்கே அது சர்க்கார் விதியாகிவிட்டது.

அடுத்த அமாவாசையிலிருந்து கொடுத்தோம். யாரையும் கேட்கவில்லை.

கொள்கை படிக்க வரும் பிள்ளைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். மனு எழுதும் முன், அந்த விதியைப் போட்டது யார் என்று பாருங்கள். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சாகும்போது சகுந்தலாவுக்கு முப்பத்திரண்டு வயது.