எந்த நாட்டுத் துவக்கு

துவக்குச் சூட்டுக்குப் பயந்துதான் நான் கனடாவுக்கு ஓடி வந்தன். வந்து கிடைச்ச வேலையைப் பாருங்கோ! அஜின்கோர்ட்டிலை ஒரு வெயர்ஹவுஸ், உள்ளுக்கு முழுக்க வேட்டைத் துவக்கு. என்ரை தலைவிதி எண்டு சொல்லிச் சிரிச்சுக்கொண்டு வேலைக்குப் போனன்.

பேர் பெத்த அமெரிக்கன் கொம்பனி ஒண்டின்ரை துவக்குகள். பெட்டியிலை கொம்பனிப் பேர் பெரிசா இருக்கும், பக்கத்திலை ஒரு மான் படம். ஆனால் சாமான் செய்து வாறது ஜப்பானிலையிருந்து. குழலின்ரை அடிப்பக்கத்திலை எறும்பு மாதிரி எழுத்திலை அதை வெட்டியிருப்பாங்கள். பெட்டியைத் திறந்து, நம்பரைப் பேப்பரோடை ஒத்துப் பார்த்து, எண்ணெயைத் துடைச்சுத் திரும்ப மூடுறதுதான் என்ரை வேலை. அந்த எறும்பு எழுத்தை என்னைப்போல நாள் முழுக்க வாசிச்சவன் கனடாவிலை ஒருத்தனும் இருக்கமாட்டான்.

அது தொண்ணூறுகளின்ரை நடுப்பகுதி. என்ரை தம்பி கொழும்பிலை ஒரு லொட்ஜிலை இருந்தான். அவனை இங்கை கூப்பிட நான் ஒழுங்கு பண்ணின ஏஜென்ற் 'இண்டைக்கு, நாளைக்கு' எண்டு இழுத்தடிச்சுக்கொண்டிருந்தார். வெளியிலை போனால் புலி எண்ட சந்தேகத்திலை பொலிஸ் பிடிக்கும் எண்டு அவன் அறைக்குள்ளையே கிடந்தான். "அண்ணை, அங்கை உங்களுக்கு என்ன வேலை? அறைப் பெடியள் கேக்கிறாங்கள்" எண்டு எழுதியிருந்தான்.

இங்கை வந்த எங்கடை ஆக்கள் எல்லாரும் செய்யிறதைத்தான் நானும் செய்தன், படம் எடுத்து அனுப்பினன். கோப்பை கழுவினவனும் ஆரின்ரையோ காரிலை சாஞ்சு நிண்டு படம் அனுப்பின காலம். என்னட்டைக் கார் இல்லை. துவக்கு இருந்தது.

கிறிஸ்மசுக்கு முதல்நாள் மனேஜர், உடனை படம் வாற கமெரா ஒண்டு கொண்டு வந்தார். வெள்ளைக்காரர் எல்லாம் ஆளுக்கொரு துவக்கோடை நிண்டு எடுத்தாங்கள். நானும் நெஞ்சை நிமித்திக்கொண்டு நிண்டன். படத்துக்குப் பின்னாலை எழுதினன்: "அமெரிக்கன் துவக்கு. ஒரு நாளைக்கு நூறு துவக்கு என்ரை கையாலைதான் போகுது."

ஜப்பான் எண்டு எழுதக் கை வரேல்லை. ஜப்பான் எண்டால் ரேடியோ, மோட்டச்சைக்கிள். அமெரிக்கா எண்டால்தான் லொட்ஜ் பெடியள் வாயைப் பிளப்பாங்கள். கொழும்புக்குப் போன ஒரு ஆளிட்டைக் கடிதத்தைக் குடுத்துவிட்டன். அட மடையா! எந்த ஊரிலை, எந்த அறைக்கு, எப்பிடிப்பட்ட படத்தை அனுப்புறாய் எண்டு ஒரு நிமிசம் யோசிச்சனா?

மாசியிலை பொலிஸ்காரர் லொட்ஜைச் சுத்தி வளைச்சாங்கள். தம்பியின்ரை தலையணை உறைக்குள்ளை என்ரை படம் இருந்திருக்கு. "நூறு துவக்கு ஆருக்குப் போகுது?" எண்டு கேட்டுக் கேட்டு அவனைப் பிடிச்சுக்கொண்டு போனதா லொட்ஜ்காரர் ரெலிபோனிலை சொன்னார். ரிசீவரை வைச்சுப்போட்டு நான் தலையிலை தலையிலை அடிச்சன்.

கொழும்பிலை ஒரு லோயரைப் பிடிச்சம். "உங்கடை கொம்பனியிட்டை ஒரு கடிதம் எடுங்கோ. அது வேட்டைத் துவக்கு, நீங்கள் அங்கை வேலை செய்யிறவர் எண்டு இருக்க வேணும்" எண்டார். மனேஜருக்கு முன்னாலை நிண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதன். நல்ல மனிசன், தானே இருந்து ரைப் அடிச்சார். இவர் நேர்மையான தொழிலாளி, இந்தத் துவக்குகள் ஜப்பானிலை செய்து வாறவை, கனடாவிலை லைசென்ஸ் உள்ள வேட்டைக்காரருக்கு மட்டும்தான் விக்கிறது எண்டு இருந்தது. ஒரு பொய் இல்லை. நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டன். ஜப்பான் எண்ட சொல்லு கண்ணிலை பட்டதுதான், மூளையிலை ஏறேல்லை.

கடிதம் அனுப்பிப் பத்து நாளாலை லோயர் ரெலிபோன் எடுத்தார். "என்ன காரியம் செய்தனீங்கள்? படத்துக்குப் பின்னாலை அமெரிக்கா எண்டு கிடக்கு. தம்பியும் அமெரிக்கா எண்டுதான் சொல்லியிருக்கிறார். கடிதத்திலை ஜப்பான். ஒண்டில் கடிதம் கள்ளம், இல்லாட்டித் தம்பி எதையோ மறைக்கிறார் எண்டு திரும்பவும் விசாரிக்கிறாங்கள்."

எப்பிடி விசாரிக்கிறாங்கள் எண்டு நான் கேக்கேல்லை. எனக்குப் பயம்.

பதினாலு மாதம் அவனை வைச்சிருந்தாங்கள். அதுவரைக்கும் நான் அந்த வேலையை விடக்கூடாது, விட்டால் கடிதம் பொய்யாப் போயிடும் எண்டு லோயர் சொல்லிப்போட்டார். ஒவ்வொரு நாளும் போனன். பெட்டியைத் திறந்தன். எறும்பு எழுத்தைப் பார்த்தன். துடைச்சு மூடினன்.

தொண்ணூறுகள் முடியிற காலத்திலைதான் தம்பி இங்கை வந்து சேர்ந்தான். மோர்னிங்சைட்டிலை என்னோடை அப்பாட்மென்றிலை இருந்தான். வலக்கை தோளுக்கு மேலை எழும்பாது. சேர்ட் போட நான்தான் பிடிச்சுவிட வேணும். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பறையமாட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை, சேர்ட்டுக் கையை அவனுக்குக் கொழுவேக்கை, திடீரெண்டு கேட்டான்.

"அண்ணை, உண்மையா அது எந்த நாட்டுத் துவக்கு?"

"ஜப்பான்."

"அவங்களும் அதைத்தான் சொன்னவங்கள். கடிதத்தைக் கண்ணுக்கு முன்னாலை பிடிச்சு, ஜப்பான் எண்டு சொல்லு, அடியை நிப்பாட்டுறம் எண்டாங்கள். நான் மாட்டன் எண்டிட்டன்."

"ஏனடா?"

"நீங்கள் அமெரிக்கா எண்டெல்லோ எழுதியிருந்தனீங்கள். நான் மாத்திச் சொன்னால் நீங்கள் பொய் சொன்னதா முடியும். அதாலை உங்களுக்கு இங்கை ஏதும் வந்திடும் எண்டு பயந்தன்."

நான் சேர்ட்டுப் பொத்தானை விட்டிட்டு அவன்ரை வலக்கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அவனே இடக்கையாலை ஒவ்வொண்டாப் பூட்டினான்.