என் மனைவி நடந்த தூரம்

திருவள்ளூர் தாலுகா ஆபீசில் எனக்கு வேலை, நிலம் அளக்கும்போது சங்கிலி பிடிப்பது. ஒரு சங்கிலி என்றால் அறுபத்தாறு அடி. சர்வேயர் வரப்பில் நின்று சொல்லுவார். நான் முனையை இழுத்துக்கொண்டு சேற்றில் இறங்குவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. ஆனால் ஒரு இடத்தைப் பார்த்தால் எத்தனை சங்கிலி என்று சொல்லிவிடுவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், அந்த வேலையை என் மனைவிக்காகச் செய்ய வேண்டி வந்தது.

முதலில் அவளுக்கு ஒரு கண் மங்கியது. ஒரு மாதத்தில் தானாகத் தெளிந்துவிட்டது. மறுவருஷம் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. குடத்தை இடுப்பில் வைத்தால் அது இருப்பதே தெரியவில்லை என்றாள். அதுவும் பாதி சரியாகி, இடது கால் மட்டும் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. திருவள்ளூரில் காட்டியபோது ஒருவர் வாயு என்றார், இன்னொருவர் ரத்தக்குறைவு என்றார். கடைசியில் எளாவூரிலிருந்து அவள் அண்ணன் வந்து, எங்கள் இரண்டு பேரையும் ரயிலேற்றிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

அங்கே நரம்பு டாக்டர் மூன்று நாள் வைத்துப் பார்த்தார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். அவர் எழுதித் தந்த சீட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் பெயரை எழுதப் பழகினேன். நரம்பின் மேல் இருக்கும் உறை அங்கங்கே கெட்டுப்போகிறதாம். குணமாக்க மருந்து கிடையாது. சிலருக்கு வருஷக்கணக்கில் அப்படியே நிற்கும், சிலருக்கு மளமளவென்று ஏறிப் படுக்கையில் தள்ளிவிடும் என்றார்.

"இவளுக்கு எதுன்னு எப்படி சார் தெரியும்?" என்று மச்சான் கேட்டார். நான் கேட்க நினைத்து, கேட்க முடியாமல் நின்ற கேள்வி அது.

"அளந்துதான் தெரியும்," என்றார் டாக்டர். "எங்கேயும் நிக்காம, எதையும் பிடிச்சுக்காம எவ்வளவு தூரம் நடக்கறாங்கன்னு மாசத்துக்கு ஒரு தரம் பார்த்து எழுதுங்க. ஆறு மாசம் கழிச்சு அதைக் கொண்டு வாங்க. தூரம் குறைஞ்சுகிட்டே வந்தா நோய் ஏறுதுன்னு அர்த்தம்."

வெளியே வந்ததும் மச்சான் என்னைத் தனியாக இழுத்தார். "மாப்ளே, தப்பா நெனக்காதே. கொறஞ்சிகினே வந்துச்சுன்னா நான் இவள எங்க ஊட்டுக்கு இட்டுகினு பூடுவேன். நீ வாரத்துல நாலு நாளு கும்மிடிப்பூண்டி, பொன்னேரின்னு கேம்ப்பு பூட்றே. இவ உழுந்தா தூக்க ஆரு கீறாங்க?"

எங்களுக்குக் குழந்தை இல்லை. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. தலையாட்டினேன்.

ஊருக்கு வந்த மறுநாள் புதன்கிழமை. சர்வேயரிடம் கேட்டுச் சங்கிலியை வாங்கி வந்து, எங்கள் வாசலிலிருந்து ரோட்டோரமாகச் சங்கிலிக்கு ஒரு முளை அடித்தேன். சாயங்காலம் அவள் நடந்தாள். நான் நாலடி பின்னால் போனேன். பதினாலாவது முளையில் கால் மடங்கி என் தோளைப் பிடித்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு வண்டிக்காரர் மாட்டைக் கட்டியபடியே, "இன்னா நைனா, பொண்டாட்டிய சர்வே பண்றியா? பட்டா எப்போ குடுப்பே?" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். எனக்குக் காது இரண்டும் சுட்டன.

இனிமேல் தெரு விழிக்கும் முன்பே அளந்துவிடலாம் என்றேன். அப்படியானால் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை என்றாள் அவள். எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகி, விளக்கேற்றி, பொட்டு வைத்துக்கொண்டு நடந்தால் நல்லபடியாக அமையும் என்று நம்பினாள். எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் வீட்டில் நல்ல காரியம் எதையும் அப்படித்தான் தொடங்குவோம்.

கார்த்திகையில் பன்னிரண்டு. மார்கழியில் பத்து. குளிரில் கால் விறைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தை மாதம் நானே முன்னதாக எழுந்து, அண்டாவுக்கு அடியில் இன்னும் இரண்டு கட்டைகளைச் செருகினேன். சூடு பட்டால் நரம்பு இளகிக்கொடுக்கும் என்று, அவள் இடது காலில் சொம்பு சொம்பாக ஊற்றினேன்.

"போதுங்க, ஆவி மூஞ்சில அடிக்குது."

"இன்னும் ரெண்டு சொம்பு. கால நீட்டு."

அன்று எட்டு முளை. மாசியில் இன்னும் சூடாக ஊற்றினேன், ஏழு. பங்குனியில் ஆறாவது முளையிலேயே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். "மத்த நாள்ல இவ்ளோ மோசம் இல்லீங்க. கெணத்தாண்ட போயி வர்றேனே," என்றாள். நான் பெரும்பாலும் கேம்ப்பில் இருந்தேன், அதைப் பார்த்ததில்லை. என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

முளைகளைப் பிடுங்கிக் கொஞ்சம் நெருக்கி அடித்துவிடலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். பதினெட்டு வருஷம் சங்கிலி பிடித்த கை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

சித்திரை பிறந்ததும் மச்சான் வந்தார். பதினாலில் தொடங்கி ஆறில் முடிந்த காகிதத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே தந்தார். "டாக்டர பாத்துட்டு அங்கேர்ந்து நேரா எளாவூரு," என்றார். அவள் வரமாட்டேன் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எனக்குச் சுமையாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டாள் போலிருந்தது. இரு என்று நானும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

திங்கட்கிழமை முதல் வண்டி பிடிக்க வேண்டியிருந்ததால் அவள் முகம் மட்டும் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டர் காகிதத்தைப் படித்துப் புருவத்தைச் சுளித்தார். "ஆறு மாசத்துல பாதிக்கு மேல போயிடுச்சே. எங்கே, வராந்தாவுல நடங்க பார்ப்போம்."

வராந்தா ஒரு சங்கிலிக்குக் கொஞ்சம் கூடுதல். அவள் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். நான் மனசுக்குள் எண்ணினேன். ஆறு தாண்டியது. தப்பாக எண்ணுகிறேனோ என்று விரலை மடக்கிக்கொண்டேன். எட்டு. பத்து. மச்சானும் சத்தமில்லாமல் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது தடவை பாதியில்தான் சுவரைப் பிடித்தாள். என் கணக்கில் பதின்மூன்று சங்கிலிக்குக் குறையாது.

"யார் அளந்தது? எப்போ அளந்தீங்க?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

தப்பு என்னுடையது என்பது மட்டும் தெரிந்தது. எது தப்பு என்று தெரியவில்லை.

"சங்கிலி கிங்கிலி கோளாறா மாப்ளே?" என்றார் மச்சான்.

அவள்தான் மூச்சு வாங்கியபடி பதில் சொன்னாள். "வெள்ளிக்கெழம காலைல சார். தலைக்கு ஊத்திகினு வந்து ஒடனே நடப்பேன். மொத தபா மட்டும் புதங்கெழம."

"வென்னீரா?"

"இவருதான் காயவெப்பாரு. அண்டா கொதிக்கும்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். உடம்பு சூடேறினால் இந்த நோய்க்காரர்களுக்குக் கெட்டுப்போன நரம்பு வேலை செய்யாதாம். உடம்பு ஆறியதும் பழையபடி ஆகிவிடுமாம். "நீங்க நோயை அளக்கலை ஐயா. வென்னீரை அளந்திருக்கீங்க."

"அடப்பாவி மாப்ளே," என்றார் மச்சான், "எந்தங்கச்சிய வேகவெச்சிகினா இருந்தே?"

அந்த ஐந்து வெள்ளிக்கிழமைகளையும் அடித்துவிடச் சொன்னார் டாக்டர். அடித்தேன். பதினாலுக்குக் கீழே பதின்மூன்று என்று எழுதினேன். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, நோய் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றார். இனிமேல் பச்சைத் தண்ணீர். வெயில் ஏறாத நேரத்தில், ஒவ்வொரு மாதமும் ஒரே மாதிரி அளக்க வேண்டும். மச்சானே, "அப்போ இவ திருவள்ளூருக்கே போலாம்," என்று யாரோ கேட்டதுபோலச் சொல்லிக்கொண்டார்.

அந்த நோய் போய்விடவில்லை. பின்னால் இரண்டு தடவை அவளைப் படுக்கவைத்தது, இரண்டு தடவையும் பாதி எழுப்பியும் விட்டது. தூரம் குறையத்தான் செய்தது. ஆனால் மெதுவாக, நாங்கள் பழகிக்கொள்ளும் வேகத்தில் குறைந்தது.

அன்று சென்ட்ரலில் மச்சான் எங்களைத் திருவள்ளூர் வண்டியில் உட்காரவைத்துவிட்டு, ஜன்னலருகே நின்று மறுபடியும் வென்னீரைப் பற்றி எச்சரித்துவிட்டு, தன் வண்டியைப் பார்க்கப் போனார். வண்டி வியாசர்பாடி தாண்டியது. பிறகு நான், பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காதபடி, "நீ பூடுவியோன்னு பயந்துகினு இருந்தேன்," என்றேன். அவ்வளவு சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது.

"இத அங்க ஊட்ல சொல்லியிருந்தா, நான் அண்ணனாண்ட சண்டையே போட்டிருப்பேன்," என்று சொல்லிவிட்டு, அவள் காலை எதிர்ப் பலகையில் நீட்டிக்கொண்டாள்.