குதிரைமுடிக்கு ஆகாத கை

செஞ்சி பஜாரில் முதன்முதலில் சுழல் நாற்காலி போட்டவர் செல்லப்பன். இதை அவர் சொல்லாத நாள் கிடையாது. கேட்காத ஆளும் ஊரில் கிடையாது. அவருடைய அப்பா சவரச் சாமான் இருந்த தோல்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொல்லைப்புறத்தில் நின்று குரல் கொடுத்தவர். செல்லப்பன் மூன்றாம் வகுப்போடு சிலேட்டை மூலையில் வைத்துவிட்டுத் திண்டிவனத்துக்கு ஓடினார். அங்கே ஒரு சலூனில் தரை பெருக்கினார், கத்தி தீட்டினார், தொழிலைக் கண்ணால் பார்த்தே பிடித்துக்கொண்டார். திரும்பி வந்து கண்ணாடி, நாற்காலி, பெயர்ப்பலகை என்று ஒரு குறையும் இல்லாமல் கடை திறந்தார்.

“நான் எவன் வூட்டுக் கொல்லைக்கும் போறவன் இல்ல. கலெக்டரே ஆனாலும் என் வாசப்படி ஏறி வந்துதான் உக்காரணும்” என்பார். சொன்னபடியே நடத்தியும் காட்டினார்.

அப்படிப் படி ஏறி வந்தவர்களில் பெரிய தலை சீதளநாத நயினார். மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த ஜைனர். புதன்கிழமை தவறாமல் வருவார். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் வெயில் தணிவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் உட்கார்ந்திருக்கும்போது தெருவில் போகிறவர்கள் கடையை ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையிலேயே செல்லப்பனுக்கு வயிறு நிறைந்துவிடும்.

நயினார் வந்ததும் மற்றவர்கள் வந்ததும் செல்லப்பனின் கைக்காகத்தான். பிரஷைக் கன்னத்தில் வைத்தால் அது பம்பரம்தான். தாடை, கன்னம், மோவாய் என்று வட்டம் வட்டமாகச் சுழன்று நுரை பொங்கிவரும். பாதிப் பேர் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிடுவார்கள். நயினார் குறட்டையே விடுவார். ‘சுத்துக்கை செல்லப்பன்’ என்றால் சிங்கவரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருகிறவனுக்கும் தெரியும்.

அறுபத்து நாலாம் வருடம் எதிர்வரிசையில் அரிகிருஷ்ணன் கடை வைத்தார். வல்லத்துக்காரர், இளவயது, அதிகம் பேசாதவர். அவர் பேசாததையெல்லாம் அவருடைய பலகை பேசியது. ‘இங்கே குதிரைமுடி பிரஷ் மட்டும். உயிரோடு உள்ள குதிரையின் வாலில் கத்தரித்தது. பன்றிமுடி கிடையாது.’ செல்லப்பன் தன் வாசலில் நின்று எழுத்துக் கூட்டி அதைப் படித்தார். கடைசி வார்த்தைக்கு வந்து சேர்ந்ததும் உள்ளே போய்த் தன் பன்றிமுடி பிரஷைத் துண்டுக்கு அடியில் தள்ளிவைத்தார்.

அடுத்த புதன்கிழமை நயினார் வந்தார். ஆனால் படி ஏறவில்லை.

“செல்லப்பா, கேக்கறேன்னு கோச்சிக்காத. உன் பிரஷு எதுல செஞ்சது?”

“மெட்ராஸ்ல செஞ்சது நயினாரே.”

“ஊரைக் கேக்கல. இன்னா முடின்னு கேட்டேன்.”

செல்லப்பன் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

“இத்தினி வருசமா கொன்ன பன்னியோட முடியையா மூஞ்சில தேச்சிக்கினு தூங்கினேன்!” என்று நயினார் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். “ஆனி மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம். மொத நாளு சொந்தக்காரங்க அத்தினி பேரையும் உன் கடைக்குத்தான் கூட்டினு வரணும்னு இருந்தேன். நீயும் குதிரைமுடி வாங்கினா சொல்லி அனுப்பு.”

சொல்லிவிட்டு நேராகத் தெருவைக் கடந்து எதிர்க்கடைப் படியில் ஏறினார்.

அன்றிலிருந்து செல்லப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. அரிகிருஷ்ணன் கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். சத்தம் கேட்காவிட்டால், எல்லோரும் தூங்கிப்போய்விட்டார்களோ என்று அதைவிடப் பயம் பிடிக்கும். பெஞ்சில் இருந்தவர்களைச் சிரிக்க வைத்துத் தன் எரிச்சலை ஆற்றிக்கொண்டார். அரிகிருஷ்ணன் பிரஷை மேலும் கீழுமாக இழுப்பதைக் காட்டி, “அவன் சேவிங் பண்றானா, பொங்கலுக்குச் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறானா?” என்றார். பெஞ்சு குலுங்கியது. சிங்கவரத்துக் கோவிந்தசாமி சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து நழுவிவிட்டார்.

பஸ் கண்டக்டரிடம் சொல்லி மெட்ராஸிலிருந்து ஒரு குதிரைமுடி பிரஷ் வரவழைத்தார். முதல்நாள் அது பஞ்சாக இருந்தது. செல்லப்பன் தன் வழக்கப்படி சுழற்று சுழற்று என்று சுழற்றினார். வாரம் திரும்பவில்லை, தேங்காய் நார் போலச் சிக்கிக்கொண்டு கொத்துக் கொத்தாக நின்றது. நடுவில் ஒரு பொட்டல் வேறு.

முடிதானே, முடிக்குச் செய்வதைச் செய்தால் சரியாகப்போகிறது என்று வீட்டுக்கு எடுத்துப்போனார். சீயக்காய் போட்டுத் தேய்த்தார். கொதிக்கிற வெந்நீரில் அலசினார். மணிலா எண்ணெய் தடவி ஊறவைத்தார். பிறகு மனைவி ரத்தினம்மாள் பேன் ஈர் எடுக்கிற ஈர்வலியை எடுத்துச் சிக்கெடுக்க உட்கார்ந்தார்.

ரத்தினம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“இன்னாய்யா இது? கட்டிக்கினு வந்த நாள்லேருந்து என் தலைக்கு ஒரு நாள் சீப்பு புடிச்சிருப்பியா? அதுக்கு மட்டும் எண்ணெ, சீயக்கா. பூ ஒண்ணுதான் பாக்கி. வெச்சி உடட்டுமா?”

“சும்மா இருடி. தொழில் விசயம்.”

“தொழிலு! அந்த எதிர்க்கடைக்காரன் பொண்டாட்டி தலைய அவளேதான் வாரிக்கிறா. அவன் பிரஷுக்குப் பேன் பாக்கல.”

ஈர்வலி இழுத்த இழுப்பில் முடி கற்றையாகக் கையோடு வந்தது. மிஞ்சியதில் சோப்பைத் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கில் நுரையே எழவில்லை. அந்த பிரஷ் அதோடு சரி.

இன்னொன்று வரவழைத்தார். போய்க் கேட்டால் அரிகிருஷ்ணன் சொல்லிக்கூடக் கொடுத்திருப்பார். ஆனால் முதல் சுழல் நாற்காலி போட்டவர் போய்க் கேட்பதா? கோவிந்தசாமியைத்தான் வேவு பார்க்க அனுப்பினார். கோவிந்தசாமி தாடையைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தார்.

“மெத்துனு இருக்குதுண்ணே. பூனைக்குட்டிய வெச்சித் தடவற மாதிரி.”

“அதையாடா கேட்டேன்? முடிச்சப்புறம் பிரஷ இன்னா பண்றான்?”

“வெதுவெதுப்பான தண்ணில அலசறான். அமுக்கிப் புழியறான், உதர்றான். பல்லு அகலமான சீப்பால கீழ்முகமா வாரிட்டு, முடி கீழ தொங்கற மாதிரி ஆணில மாட்டிடறான். நெழல்லதான் காயுது.”

“எண்ணெ?”

“எண்ணெ எதுக்குண்ணே? அது இன்னா பொண்ணு பாக்கவா போவுது?”

செல்லப்பன் ஒன்று விடாமல் செய்தார். அலசினார், உதறினார், வாரினார், தலைகீழாகத் தொங்கவிட்டார். காலையில் பட்டுநூலாக நிற்கும் பிரஷ், இரண்டு பேருக்குச் சவரம் செய்வதற்குள் மறுபடியும் முறுக்கிக்கொண்டது. ஆனி மாதமோ வாசலுக்கு வந்துவிட்டது.

ஒரு புதன்கிழமை, சவரம் முடிந்த ஒருவருக்குப் படிகாரம் தேய்த்துக்கொண்டே தன் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். அதில் எதிர்க்கடை முழுதாகத் தெரிந்தது. நாற்காலியில் நயினார். அரிகிருஷ்ணனின் கை மேலே போனது, கீழே வந்தது, மேலே, கீழே. ஒரு வட்டம்கூட இல்லை. அரிகிருஷ்ணன் பிரஷை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது முடி விரிந்து நேராக நின்றது. செல்லப்பன் குனிந்து தன் கையில் இருந்த கொத்தைப் பார்த்தார்.

சிக்கு விழுந்தது தண்ணீராலும் இல்லை, சீப்பாலும் இல்லை. அவர் பேர்வாங்கிய கைதான் சிக்குப் போட்டது. பன்றிமுடி விறைப்பானது, சுழற்றலைத் தாங்கும். குதிரைமுடி தாங்காது.

அந்த நிமிடம் அரிகிருஷ்ணன் மேல் வந்த பொறாமை அதுவரை வந்ததையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. கடை போட்டு, பலகை மாட்டி, நயினாரைப் பறித்துக்கொண்டது போதாதென்று, இப்போது கையையும் மாற்றிக்கொள்ளச் சொல்கிறானே! அதுவும் ஊர்கூடிச் சிரித்த அந்தச் சுண்ணாம்பு அடிக்கிற கையாக!

ஆனாலும் மூன்றாவது பிரஷ் வந்ததும் நயினாருக்குச் சொல்லி அனுப்பினார். கல்யாணத்துக்கு முதல்நாள் அவர் மச்சான்கள், சம்பந்தி வீட்டார் என்று ஒரு படையோடு படி ஏறி வந்தார். பெஞ்சு நிரம்பி வாசலிலும் ஆள் நின்றார்கள். செல்லப்பன் பிரஷை நயினாருக்குக் காட்டினார். நயினார் முடியை விரலால் நீவிப் பார்த்துவிட்டுத் தலையசைத்துச் சாய்ந்துகொண்டார்.

பிரஷ் கன்னத்தில் பட்டதும் கை தானாக வட்டம் போடக் கிளம்பியது. செல்லப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு அதை நிறுத்தினார். மேலே இழுத்தார். கீழே இழுத்தார்.

“இன்னாண்ணே, பொங்கலு மாறி ஆனிலயே வந்துடிச்சா?” என்று கோவிந்தசாமி கேட்டார். பெஞ்சு குலுங்கியது. சம்பந்தி வீட்டாருக்கு விஷயம் புரியாவிட்டாலும் அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். செல்லப்பனின் காது மடல் சிவந்தது. கை நிற்கவில்லை, மேலும் கீழுமாகவே போனது. ஒரு முடிகூடச் சிக்கவில்லை.

சவரம் முடிந்து நயினார் கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நல்லாதான் இருக்குது செல்லப்பா. ஆனா தூக்கம் வரலியே.”

“குதிரைமுடிக்கு அப்படித்தான் போடணும் நயினாரே.”

“அது சரி. அங்கயும் இதேதான். இப்ப ரெண்டு கடையும் ஒண்ணுதான்னு ஆயிப்போச்சி. ஒரு புதன் இங்க வரேன், ஒரு புதன் அங்க போறேன். யாருக்கும் வருத்தம் வேணாம்.”

நல்லது செய்கிற முகத்தோடு சொல்லிவிட்டு அவர் எழுந்தார்; அடுத்தவர் வந்து உட்கார்ந்தார். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் செல்லப்பன் வேலையை முடித்தார். அன்றைக்குப் பஜாரே அவர் கடையைத்தான் திரும்பிப் பார்த்தது. அவர் காதில் மட்டும் ‘ரெண்டு கடையும் ஒண்ணுதான்’ என்பதே கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நயினார் எதிர்க்கடைக்குப் போகிற புதன்கிழமைகளில் செல்லப்பன் கடையைத் திறப்பதில்லை. அனந்தபுரத்தில் ஜோலி இருக்கிறது என்று பஸ் ஏறிவிடுவார். இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பி வந்து இலை முன்னால் உட்காருவார். ரத்தினம்மாள் அன்று சாமான் வாங்கப் பஜாருக்குப் போய் வந்திருப்பாள் என்பது அவருக்குத் தெரியும். அவராகக் கேட்கட்டும் என்று அவளும் வாயைத் திறக்க மாட்டாள்.

“அந்தப் பக்கம் போனியா?”

“எந்தப் பக்கம்?”

“எதிர்க்கடைப் பக்கம்தான். எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா கேட்டேன்.” சோற்றைப் பிசைவார். “நயினாரு தூங்கினாரா?”

“தூங்கல. பேப்பரு படிச்சிக்கினு இருந்தாரு.”

செல்லப்பன் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றச் சொல்லி இலையைக் காட்டுவார்.