படையலுக்கு ஒரு பொட்டுவெடித் துப்பாக்கி

இன்று நோர்வூட் கடையில் தீபாவளிப் படையலுக்காக ஒரு பொட்டுவெடித் துப்பாக்கி வாங்கினேன்.

ஆட்டோ ஓட்டிய என் தம்பிக்கு, மீசை நரைத்த பிறகும் தீபாவளிக்கு அது வேண்டும். நான் வாங்கித் தருவதில் குறை கண்டுபிடிப்பதுதான் அவன் சந்தோஷம். இந்த வருடம் அவன் மாலை போட்ட படத்தில் இருக்கிறான்.

கடையில் காட்டிய ஒன்றில் துப்பாக்கியின் இரண்டு பாதியும் சரியாகப் பொருந்தவில்லை. இன்னொன்றில் வெள்ளிப் பூச்சு விரலோடு வந்தது.

"வெடிச்சா போதும் தானே தங்கச்சி, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்களே" என்றார் கடைக்கார நானா.

"என் தம்பி குறை சொல்லுவான் நானா."

உள்ளேயிருந்து வேறொன்று கொண்டுவந்தார். அதில் ஒரு குறையும் இல்லை.

சாமிக்கு வைக்கும் பழத்தில் கீறல் இருந்தாலே ஒதுக்குகிறவள் நான். ஆனாலும் பூச்சு உரிந்ததையே வாங்கி வந்தேன். குறையில்லாததை வைத்தால் தம்பி என்னிடம் என்னத்தைப் பேசுவான்?

உங்கள் வீட்டில் குறை சொல்ல ஆள் இருக்கிறாரா? சொல்லட்டும், விடுங்கள்.