எந்த மாதத்து முகத்துவாரம்?

தவமலருக்கு அரசாங்க வேலை கிடைத்த செய்தி ஸ்காபரோ முழுக்கப் பரவ ஒரு வார இறுதி போதுமாயிருந்தது. அது என்ன வேலை என்று விளங்கப்படுத்தத்தான் ஆறு வருடம் பிடித்தது.

1993ஆம் ஆண்டு சித்திரை. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றவளை நவரட்ணம் அண்ணை பிடித்துக்கொண்டார். பாதிச் சனத்துக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர் அவர். ஊரில் எவருக்கு என்ன வேலை என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

"பிள்ளை, லோயர் வேலை கிடைச்சிட்டுதாம். ஆருக்கு லோயர்?"

"அரசாங்கத்துக்கு அண்ணை. பூர்வகுடி மக்கள்ட உரிமை சம்பந்தமா."

"அப்ப செவ்விந்தியருக்கு எதிரா வழக்குப் பேசப்போறீரோ?"

"இல்லண்ணை. அவங்களுக்கு என்ன செய்யோணும், என்ன செய்யக் கூடாது எண்டு அரசாங்கத்துக்குச் சொல்லோணும்."

"அரசாங்கத்துக்குப் புத்தி சொல்லிறதுக்குச் சம்பளமோ!" அண்ணை தட்டைப் பிடித்தபடி வரிசை திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "எங்கட நாட்டில அதுக்குப் பிடிச்சு மறியலில எல்லோ அடைச்சவங்கள்!"

தவமலரும் சிரித்துவிட்டாள். அவர் சொன்னதைவிடச் சுருக்கமாக அவளாலேயே சொல்ல முடிந்திருக்காது.

அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. மட்டக்களப்பில் ஒன்பது வருடம் சட்டத்தரணியாக இருந்தவள். பெரும்பாலும் காணி வழக்குகள். எண்பத்தைந்தில் கணவன் சாமித்தம்பியோடும் மகள் தக்ஷிகாவோடும் ரொறன்ரோ வந்து இறங்கியபோது, அவளுடைய சட்டப் படிப்பை இந்த நாடு ஒரு கடதாசியாகக்கூட எண்ணவில்லை. வங்கியொன்றின் நிலக்கீழ் அறையில் கணினியில் இலக்கங்கள் தட்டினாள். பிறகு ஒவ்வொரு பரீட்சையாக எழுதினாள். ஊரில் பஸ் ஓட்டிய சாமித்தம்பி இங்கே பிறம்ரனில் லொறி ஓட்டினான். "நீ படி. வண்டிய நான் பாத்துக்கிறன்," என்றான். வண்டி என்று அவன் சொன்னது குடும்பத்தையும் சேர்த்துத்தான்.

அலுவலகத்தில் எல்லோரும் அவளைத் "தாவா" என்று அழைத்தார்கள். முதல் மாதம் திருத்திப் பார்த்தாள். இரண்டாம் மாதம் விட்டுவிட்டாள். மேலதிகாரி பீற்றர் கலஹன் உயரமான, குறைவாகப் பேசுகிற மனிதர். வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பழைய ஒப்பந்தம், பழைய வரைபடம், எல்லைக் கல், நீரோடை. மொழிதான் வேறு, காணிச் சண்டை எங்கும் காணிச் சண்டைதான். வித்தியாசம் என்னவென்றால், இங்கே நூற்றைம்பது வருடமாக ஒரு பக்கமே அளந்து, அந்தப் பக்கமே தீர்ப்பும் சொல்லியிருந்தது.

1996 தை மாதத்தில் கலஹன் அவளுடைய மேசையருகே பன்னிரண்டு பெட்டிகளை இறக்குவித்தார். ரொறன்ரோவிலிருந்து ஆறு மணிநேரம் வடக்கே றெட்பைன் என்றொரு ஏரி. அதன் கரையில் வாழும் பூர்வகுடிச் சமூகம், தங்கள் நிலத்தின் வட எல்லை பிழையாகப் போடப்பட்டது என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒப்பந்தத்தின்படி அவர்களுடைய நிலம் தெற்கே ஒரு பாறையில் தொடங்கி வடக்கே 'ஆற்றின் வாய்' வரைக்கும். அந்த வாய் எது என்பதில்தான் சண்டை. அரசாங்க வரைபடத்தில் ஆறு ஓரிடத்தில் ஏரியில் விழுந்தது. அந்த மக்களோ, வாய் இன்னும் இரண்டு மைல் வடக்கே இருக்கிறது என்றார்கள். இரண்டு மைல் கரையும் அதன் பின்னால் இருந்த காடும் சேர்ந்து நாலாயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு.

"இரண்டு பேர் ஏற்கெனவே ஆலோசனை எழுதிவிட்டார்கள், கோரிக்கையில் வலுவில்லை என்று. திகதியைப் புதுப்பித்தால் போதும். இரண்டு வாரம் தருகிறேன்," என்றார் கலஹன்.

தவமலர் பழைய ஆலோசனையை எடுத்து வாசித்தாள். 'இந்த ஆற்றுக்கு வேறொரு வாய் இருந்ததாக முதியவர்கள் கூறுகின்றனர். வரைபடம் ஒரு வாயையே காட்டுகிறது. ஆகவே அவர்களின் நினைவு பிழையானது.'

வாசித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாய்தான் இருக்கும் என்று எழுதியவர் மட்டக்களப்பு வாவியைக் காணாதவர். அங்கே கோடையில் மணல் மூடிக் கிடக்கும் முகத்துவாரத்தை மாரி வெள்ளம் வெட்டித் திறக்கும். அதுவும் போன வருடம் திறந்த இடத்திலேயே திறக்கும் என்றில்லை. அவள் தொழிலுக்கு வந்த புதிதில், 'வடக்கே முகத்துவாரம்' என்று எழுதிய காணி உறுதிப் பத்திரமொன்றை நீதிமன்றத்தில் பெருமையாக நீட்டினாள். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி, "எந்த மாதத்து முகத்துவாரம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வழக்குத் தோற்றது. ஒரு கிழமை சோறு இறங்கவில்லை.

இப்போது அதே கேள்வியைத் தான் கேட்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு வாரத்தை ஆறு மாதமாக்கித் தரும்படி கலஹனிடம் போய்க் கேட்டாள்.

"ஏன்?"

"இந்த வரைபடத்தை எந்த மாதத்தில் கீறினார்கள் என்று தெரிய வேண்டும்."

கலஹன் மேசை நாட்காட்டியைப் புரட்டினார். "ஆறு மாதம்," என்றார். ஏன் சம்மதித்தார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடும் என்ற பயம்.

மாசி மாதம் முழுவதும் பழைய ஆவணங்கள் காக்கும் நிலையத்தில் கழிந்தது. பென்சில் மட்டும்தான் அனுமதி. முந்திய இரண்டு பேரும் வரைபடத்தோடு நின்றுவிட்டார்கள். அதை வரைந்த நில அளவையாளர் கையோடு கொண்டுதிரிந்த குறிப்புப் புத்தகத்தை எவரும் கேட்டு வாங்கியிருக்கவில்லை. தோல் அட்டை போட்ட, உள்ளங்கை அளவான புத்தகம். கையெழுத்து நுளம்பு நடந்ததுபோல. பதினேழாம் நாள் அந்த வரி அகப்பட்டது: 'ஒக்டோபர் 11. வடக்கே அகன்ற மணற்படுகையொன்றைக் கால் நனையாமல் கடந்தோம். வசந்தத்தில் இதுவே பெரிய ஆறு என்கிறான் வழிகாட்டி.'

"அடி சக்கை!" என்றாள் தவமலர்.

வாசிப்பறையில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் உதட்டில் விரலை வைத்தாள். தவமலர் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள்.

ஒப்பந்தம் பேசியது மே மாதம், எல்லாக் குடும்பமும் மீன்பிடிக்க ஒன்றுகூடும் காலத்தில். வைகாசியில் பேசியதை ஐப்பசியில் போய் அளந்திருக்கிறார்கள்.

சாமித்தம்பியிடம் சொன்னபோது அவன் மீன் குழம்பைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். "ஆத்தில போட்டாலும் அளந்து போடு எண்டு சொல்லுவாங்க. இவன் ஆத்தையே பிழையா அளந்திட்டானே!"

"பிழையா அளக்கல்ல. பிழையான மாதத்தில அளந்திருக்கான். இப்ப பனி உருகக்குள்ள போய் நான் கண்ணால பாக்கோணும்."

"எப்பிடிப் போவ? உனக்குத்தான் கார் ஓடத் தெரியாதே."

"அதுக்குத்தானே உங்களக் கலியாணம் கட்டின நான்."

அரசாங்கப் பயணத்துக்குக் கணவனைச் சாரதியாகக் கொண்டுபோகலாமா என்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. கலஹன் அனுமதிக் கடிதத்தில் 'சாரதி: திரு. சாமித்தம்பி' என்று எழுதி, முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல் ஒப்பமிட்டார். அவள் நேரில் போய்ப் பார்க்க, றெட்பைன் மக்களுடைய சட்டத்தரணியும் சம்மதித்தார்.

மே மாதம் இரண்டாம் கிழமை, பின் சீற்றில் புட்டும் கோழிக்கறியும் குலுங்க, அவர்கள் வடக்கே போனார்கள். அந்தச் சமூகத்தின் காணி அலுவல்களுக்குப் பொறுப்பாயிருந்த லொறெயின் என்ற பெண் அலுவலக வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தவமலரின் வயதுதான் இருக்கும். நரைத்த பின்னல், ரப்பர் சப்பாத்து.

"அரசாங்கம் அனுப்பிய மூன்றாவது வழக்கறிஞர் நீங்கள்," என்றாள் லொறெயின். "முதலாமவர் கேட்டது, காப்பி இருக்கிறதா என்று. இரண்டாமவர், கழிப்பறை எங்கே என்று. நீங்கள் என்ன கேட்கப்போகிறீர்கள்?"

"பனி உருகும்போது தண்ணீர் எந்தப் பக்கத்தால் ஓடும் என்று."

லொறெயின் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள். "அதை இருபது வருடமாக ஒருவரும் கேட்கவில்லை," என்றவள், உள்ளே திரும்பிப் படகைக் கிளப்பத் திறப்பைக் கொண்டுவரும்படி கூப்பிட்டாள்.

அலுமினியப் படகில் மூவரும் ஏறினார்கள். வரைபடத்து வாயைக் கடந்து வடக்கே போகப் போக, ஆற்றின் இரைச்சல் முதலில் காதுக்கு வந்தது, பிறகு ஆறே கண்ணுக்கு வந்தது. நாணலை இரண்டாகப் பிளந்துகொண்டு, தேயிலைச் சாய நிறத்தில், முறிந்த மரங்களையும் கடைசிப் பனிக்கட்டிகளையும் உருட்டியபடி பெரிய ஆறு ஏரிக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. ஒக்டோபரில் ஒருவர் கால் நனையாமல் நடந்துபோன இடம்.

சாமித்தம்பி துடுப்பை நிமிர்த்தித் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தான். பிடி வரைக்கும் போயிற்று, தரை தட்டவில்லை. இன்னும் குனிந்தான். படகு சரிந்தது. ஏரித் தண்ணீர் அரைப் படகுக்கு ஏறி, தவமலரின் அலுவலகப் பாவாடை முழங்கால்வரை நனைந்தது. லொறெயின் இயந்திரத்தைப் பிடித்தபடி கத்தினாள். கத்தியது சிரிப்பாக மாறியது. தவமலருக்கும் அடக்க முடியவில்லை. ஐஸ் தண்ணீரில் பல் கிட்டிக்கொள்ள, அவள் கண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"என்ன கா சிரிப்பு? நான் விழப் பாத்தன்," என்றான் சாமித்தம்பி.

"விழுந்திருந்தா ஆழத்துக்கு இன்னொரு சான்று," என்றாள் தவமலர்.

கரைக்கு வந்து அடுப்பருகே உடை காயவைத்தபோது லொறெயின் கேட்டாள், "நீங்கள் இந்தியரா?"

"இல்லை, இலங்கை. ஆனால் எல்லோரும் எங்களை இந்தியர் என்றுதான் சொல்கிறார்கள்."

"எங்களையும்தான்," என்றாள் லொறெயின். கோழிக்கறியின் உறைப்பில் அவளுக்கு மூக்கு ஒழுகியது. ஆனாலும் இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

தவமலர் எழுதிய ஆலோசனை ஐம்பத்திரண்டு பக்கம். அதன் முடிவு ஒரே வரி: கோரிக்கை சரியானது, எல்லையைத் திருத்த வேண்டும். கலஹன் அதை மூன்று நாள் வைத்து வாசித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"நமது கட்சிக்காரர் அரசாங்கம் என்பது ஞாபகம் இருக்கிறதல்லவா?"

"இருக்கிறது. கட்சிக்காரர் அடுத்தவர் காணிக்குள் நிற்கிறார் என்றால், அதைச் சொல்வதற்குத்தானே எனக்குச் சம்பளம்?"

கலஹன் கோப்பை மூடினார். "முப்பது வருடமாக நானும் இதைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் பார்த்துக்கொண்டிருந்தேன்," என்று சொல்லி, கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, அமைச்சின் அதிகாரிகளிடம் அவளையும் கூட்டிக்கொண்டு நடந்தார்.

அதிகாரிகள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் கோப்பு மேசை மேசையாக யாத்திரை போயிற்று. இடையில் அவள் வேறு கோப்புகள் பார்த்தாள். மாதத்துக்கொருமுறை, பல்லில் மாட்டிய நார்போல, இதை நினைவூட்டிக் கடிதம் எழுதினாள். 1997 டிசம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம், பூர்வகுடிகளின் வாய்மொழி வரலாற்றையும் எழுத்துச் சான்றுக்குச் சமமாக எடைபோட வேண்டும் என்று ஒரு தீர்ப்பில் சொன்னது. அடுத்த கூட்டத்தில் மூத்த அதிகாரி ஒருவர் அவள் பக்கம் திரும்பினார்.

"வழக்குக்குப் போனால் தோற்போமா?"

"தோற்போம். தோற்க வேண்டியவர்களும் நாங்கள்தான்."

அதிகாரி பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிறகு அவர், "அப்படியென்றால் பேசித் தீர்ப்போம்," என்றார். தவமலர் மேசைக்குக் கீழே தன் தொடையில் கிள்ளிப் பார்த்துக்கொண்டாள்.

பேச்சுவார்த்தை இன்னுமொரு வருடத்துக்கு மேல். 1999 ஆனி மாதம், றெட்பைன் ஏரிக்கரையின் சமூக மண்டபத்தில் ஒப்பமிட்டார்கள். இரண்டு தரப்பு நில அளவையாளர்களும் புதிய எல்லையில் இரும்புக் கம்பி அறையும்போது, கரையில் நின்ற பிள்ளைகள் ஒவ்வொரு அடியையும் சத்தமாக எண்ணினார்கள். பதினாலாம் அடியில் கம்பி நின்றது. ஊரே ஆரவாரித்தது.

விருந்தில் பொரித்த மீனும் மான் இறைச்சியும். தக்ஷிகாவும் வந்திருந்தாள், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். "அம்மா, திஸ் இஸ் ஸோ கூல், நீங்க இவ்வளவு நாளா ஏன் சொல்லேல்ல?" என்று நச்சரித்தாள். பள்ளிக்கூடச் சிநேகிதங்களோடு பேசிப் பேசி அவளுக்குத் தமிழ் யாழ்ப்பாணப் பேச்சாகவே மாறிவிட்டிருந்தது.

லொறெயின் தட்டோடு வந்து தவமலருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இப்போதாவது சொல்லுங்கள். அந்த ஆலோசனையில் என்ன எழுதினீர்கள்?"

"சொல்ல முடியாது. அது எனக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான இரகசியம்."

"நல்லதா, கெட்டதா என்றாவது?"

"லொறெயின், அதுவும் இரகசியம்."

லொறெயின் அவளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு தன் தட்டிலிருந்த மிகப் பெரிய மீன் துண்டை எடுத்து அவளுடைய தட்டில் வைத்தாள்.

மேளம் தொடங்கியது. கைகோத்து வட்டமாக ஆடும் ஆட்டத்துக்கு எல்லோரும் எழும்பினார்கள். கலஹன் வெட்கப்பட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார், தக்ஷிகா போய் இழுத்து வந்தாள். சாமித்தம்பிக்கு அழைப்பே தேவைப்படவில்லை. எல்லோரும் இடப்பக்கம் எட்டு வைக்க, அவன் மட்டும் உற்சாகமாக வலப்பக்கம் வைத்து, ஒரு கிழவருடைய காலை மிதித்து, மன்னிப்புக் கேட்டு, திரும்பவும் மிதித்தான். தவமலர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையை லொறெயினிடமும் மறு கையை அவனிடமும் கொடுத்து வட்டத்துக்குள் நுழைந்தாள்.

"இடது கால், இஞ்சேருங்க, இடது கால்!" என்று கத்தினாள்.

மேளச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. நாலாம் சுற்றில் அவளே அவனோடு சேர்ந்து பிழையாக ஆடினாள்.