கறுப்புத் திரையில் அவர் பேசியது

என் வீட்டுக்காரர் கடைசி காலத்தில் கம்ப்யூட்டரில்தான் பேசினார். இப்போது இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். தொண்ணூறுகளில் சொன்னபோது, பாவம், புருஷனுக்கு முடியாமல் போனதில் இவளுக்கும் கலங்கிவிட்டது என்பதுபோல் பார்த்தார்கள்.

அதற்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினோம். அவர்தான் மாஸ்டர். யாராவது குனிந்து எழுத்தைத் தேடினால் ஸ்கேலால் மேசையில் ஒரு தட்டு தட்டுவார். பத்து விரலும் ஓட வேண்டும், கண் காகிதத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய பாடம். டைப் படிக்க வருகிறவர்கள் குறைந்துபோனதும், பாதி மெஷின்களை விற்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். டாஸ் போட்ட கம்ப்யூட்டர், விண்டோஸுக்கு முந்தின சங்கதி. கறுப்புத் திரை, அதில் மினுக் மினுக்கென்று ஒரு சின்னக் கோடு. நாம் ஏதாவது தட்டினால்தான் அது அசையும்.

அது வந்து கொஞ்ச காலத்திலேயே அவருக்குப் பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயின. புத்தி போகவில்லை, அதுதான் கொடுமை. எல்லாம் தெரியும், எதையும் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் ஒரே ஒரு சத்தம்தான் வரும். இடது கையில் பேனாவைக் கொடுத்தால் கிறுக்கலாக வரும், உடனே ஆத்திரத்தில் விட்டெறிவார். நானும் பதிலுக்குக் கத்துவேன். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம்.

ஒருநாள் வேறு வழி தெரியாமல் அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். இடது கை ஆள்காட்டி விரலை நீட்டினார். எத்தனை பேரைக் குனியாதே என்று திட்டிய மனுஷன், குனிந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். எழுத்து இங்கிலீஷ், பேச்சு தமிழ். 'ஏட்டி, தண்ணி.' ஏட்டி என்றால் நான்தான், கல்யாணமான நாளிலிருந்து பெயருக்குப் பதில் அப்படித்தான் கூப்பிடுவார். நான் அடுக்களைக்குள் ஓடி, அழுது முடித்துவிட்டுத்தான் தண்ணீர் கொண்டுவந்தேன்.

அதற்குள் கம்ப்யூட்டர் முந்திக்கொண்டு பதில் சொல்லியிருந்தது: 'பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்.' உன் கட்டளை தப்பு, இல்லையென்றால் அந்தப் பெயரில் ஃபைல் இல்லை என்று அர்த்தம். அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் இந்த ஒரே பதில்தான். 'ஏட்டி, பசிக்கு.' பேட் கமாண்ட். 'ஏட்டி, கால் இழுக்கு.' பேட் கமாண்ட். எனக்கு வயிறெரியும். "எழுதுறதுக்குன்னு தனியா எடம் இருக்குல்லா, அங்கன தட்டுங்க. இந்த வசவு வாங்கவேண்டாம்" என்றேன். அவர் தட்டினார்: 'ஏட்டி, அது ஊமை. இது வையவாவது செய்யுது.'

டாஸிடம் நல்ல குணமும் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். சுவிட்சைப் போட்டால் அடுப்பில் பால் பொங்குவதற்குள் தயாராக நிற்கும். கரண்ட் போனால் போகட்டும், வந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்துகொள்ளும். ஆனால் கல்நெஞ்சு. நாள் முழுக்க அவர் தட்டியது மேலே மேலே ஏறி மறைந்துபோகும், ஒரு வார்த்தையைக்கூட அது எடுத்து வைத்துக்கொள்ளாது. என்மேல் கோபம் வந்தால் அவர் 'சிஎல்எஸ்' என்று தட்டுவார். திரை மொத்தமும் துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். அதற்குமேல் அன்றைக்குப் பேச்சு கிடையாது.

ஒரு மத்தியானம் 'சாகணும்' என்று தட்டினார். அன்றைக்கு மட்டும் ஏட்டி இல்லை. என்னிடம் சொல்லவில்லை, அதனிடம்தான் சொன்னார் போலிருக்கிறது. பேட் கமாண்ட் என்றது. வாழ்க்கையில் முதல்தடவையாக அந்த மெஷினைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. "பாத்தீயளா, அதுவே கூடாதுன்னு சொல்லுது" என்றேன். அவருக்குச் சிரிப்பு ஒரு பக்க வாயில் மட்டும்தான் வரும். அது வந்தது.

பிறகு பிழைப்புக்காக இராஜபாளையத்துக்கு மாறினோம். கீழே பேண்டேஜ் துணி சுற்றுகிற கம்பெனி, மாடியில் நாங்கள். கம்பெனி முதலாளி அண்ணாச்சிதான் வீட்டுக்கும் சொந்தக்காரர். பெட்டிகளில் ஒட்டுகிற லேபிள்களை அடித்துக்கொடுப்பது என் வேலை. ஆனால் லேபிளெல்லாம் விண்டோஸில்தான் வேண்டும் என்றார்கள். இன்னொரு கம்ப்யூட்டர் வாங்க வழியில்லை. இருந்ததையே உள்ளுக்குள் மாற்றி விண்டோஸ் போட்டோம். அவருக்காக அதற்குள்ளேயே சின்னதாகப் பழைய கறுப்புத் திரையைத் திறந்துவைப்பேன்.

அழகுக்கு ஒரு குறையும் இல்லை. என் லேபிள் ஒரு பக்கம், அவர் பேச்சு ஒரு பக்கம், இரண்டையும் ஒரே திரையில் வைத்துக்கொள்ளலாம். அந்த வசதி டாஸில் ஏது? ஆனால் பிரிண்ட் கொடுத்தால் போச்சு. மணற்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நின்றுவிடும். அவர் பாதி வார்த்தையில் விரலைத் தூக்கியபடி காத்திருப்பார். சிலநேரம் திரை முழுக்க நீலமாகி எல்லாம் செத்துப்போகும். "நாசமாப் போற மெஷினே, அவிய பேசிட்டு இருக்காவல்லா!" என்று மானிட்டரை அடித்திருக்கிறேன். திடீரென்று கரண்ட் போனால் இன்னும் மோசம். என்னை ஒழுங்காக அணைக்கவில்லை, டிஸ்கைச் சோதிக்கப்போகிறேன் என்று நீலத்திரையில் மஞ்சள் பட்டையை ஊரவிடும். இனிமேல் முறையாக அணைத்துப் பழகு என்று புத்திமதி வேறு. கரண்டை நானா நிறுத்தினேன்?

கம்ப்யூட்டர் பழுதுபார்க்க வந்தவர் ஒருமுறை அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டு, "எக்கா, இது மொத வார்த்தைய மட்டுந்தான் பாக்கும். அந்தப் பேர்ல ஃபைல் இருக்கான்னு தேடும், இல்லன்னா திட்டும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரருடைய முதல் வார்த்தை எப்போதும் ஏட்டிதானே. ஒற்றை விரலுக்கு அது வீண் வேலை, நேராக விஷயத்தைத் தட்டுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், கேட்கமாட்டார். அப்படியானால் இத்தனை காலமும் அவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார், அது தேடிப் பார்த்துவிட்டு அப்படி ஒருத்தி இல்லையென்று சொல்லியிருக்கிறது.

"அந்தப் பேர்ல ஒரு ஃபைல் செஞ்சு வச்சா?" என்று கேட்டேன். எப்படிச் செய்வதென்று சொல்லிக்கொடுத்தார். இரண்டே வரிதான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அவர் தூங்கும்போது செய்துவைத்தேன். இனிமேல் ஏட்டி என்று தொடங்கி எதைத் தட்டினாலும், 'என்னங்க, சொல்லுங்க' என்று வரும். கல்யாணமான புதிதில்கூட அவருக்குத் தெரியாமல் நான் எதையும் இப்படி ஆசையாகச் செய்ததில்லை.

மறுநாள் கீழே மெஷினையெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். அண்ணாச்சி மாடிக்கு வந்து, "ஏம்மா, பூசையன்னைக்குமா மெஷின ஓட்டுத? இன்னைக்கு அதுக்கு ஓய்வு குடுக்கணும்லா?" என்றார்.

"அண்ணாச்சி, லேபிள் ஒண்ணும் அடிக்கல. இது அவிய வாயி. வாய்க்கு எப்படி லீவு விட?"

அண்ணாச்சி தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போனார்.

நான் கறுப்புத் திரையைத் திறந்துவிட்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். காலையிலிருந்தே அவர் முகம் வெளிறித்தான் இருந்தது. எதையோ சொல்ல அவசரப்படுவதுபோல் விரல் எழுத்துகளைத் தேடியது. 'ஏட்டி' என்று தட்டினார். 'ஏட்டி, நீ' என்று வந்தது. இன்னும் கொஞ்சம் தட்டி என்டர் அடித்தால் போதும், பதில் வந்துவிடும்.

திரை பொட்டென்று அணைந்தது.

கீழே ஓடிப்போய்ப் பார்த்தால், அண்ணாச்சி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு அந்தப் பெட்டிக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். அவர் செய்தது தப்பென்று எப்படிச் சொல்வேன்? வருஷா வருஷம் செய்கிறதுதான். தண்ணீரைத் தொட்டு மெயினில் கை வைக்கிறவர் அதை இறக்கத்தானே செய்வார். "செத்த பொறும்மா, சூடம் காட்டிட்டுப் போட்டுடுதேன்" என்றார். போட்டும் விட்டார்.

மாடியில் நீலத்திரை வந்திருந்தது. என்னை ஒழுங்காக அணைக்கவில்லை என்றது. மஞ்சள் பட்டை ஊர்ந்தது. அவர் விரல் கீபோர்டுக்குமேல் தயாராக இருந்தது. "இந்தா வந்துரும், இந்தா வந்துரும்" என்று அவர் தோளைத் தடவினேன். பட்டை பாதியில் நின்று, யோசித்து, மறுபடி ஊர்ந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்த பார்வை அப்படியே ஒரு பக்கமாகச் சரிந்தது. நான் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி பொரிகடலைத் தட்டோடு ஓடிவந்தார். இரண்டு பேருமாக அவரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது, எனக்குப் பின்னால் விண்டோஸ் தன் வரவேற்புப் பாட்டைப் பாடியது. அந்தப் பாட்டை இன்றைக்கு எங்கே கேட்டாலும் எழுந்து வெளியே போய்விடுவேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த டிஸ்க் முழுக்கத் தேடினேன். அத்தனை வருஷம் பேசிய மனுஷனுடைய ஒரு சொல் அதில் இல்லை. பேண்டேஜ் லேபிள்கள்தான் வரிசையாக இருந்தன. நீ என்று தொடங்கி என்ன சொல்ல வந்தார்? நீ பட்டது போதும் என்றா? நீ ஏன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாய் என்றா? நீ சாப்பிட்டாயா என்றுகூட இருக்கலாம், தினமும் கேட்பதுதான்.

கறுப்புத் திரையைத் திறந்து, அவரைப்போலவே இடது கை விரல் ஒன்றால் 'ஏட்டி' என்று தட்டி என்டர் அடித்தேன். ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் பதில் வந்தது.

'என்னங்க, சொல்லுங்க.'