கதவுக்கு இவ்வளவு என்று கடைவரி

1984 அக்டோபர் 9, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். மழை இல்லை, பனிமூட்டம் இருந்தது. ஆறு மணிக்குக் காபி. ஏழே காலுக்கு இரண்டு இட்லி. எட்டு நாற்பதுக்குக் கடையைத் திறந்தேன். நாகலூர் பஸ் எட்டு ஐம்பதுக்குப் போனது, பத்து நிமிடம் தாமதம். அன்றைய வேலை: பள்ளிச் சீருடைப் பாவாடை ஏழு, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவரின் பேன்ட்டுக்கு இடுப்பைப் பிரித்துத் தைப்பது.

இதெல்லாம் டைரியில் முதல் ஆறு வரி. அதற்குக் கீழே அன்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். கையெழுத்து வழக்கம்போல இல்லை.

என் தையற்கடை சாலையின் மேட்டுப் பக்கம் இருந்தது. மலையை வெட்டிய சுவரை ஒட்டிக் கட்டியது என்பதால் பின்னால் ஜன்னல் வைக்க வழியில்லை. அகலம் பதினைந்து அடி, ஆழம் ஏழடி இரண்டு அங்குலம். வெளிச்சம் என்றால் முன்பக்கத்து மூன்று கதவுகளின் வழியாக வருவதுதான். முதல் கதவருகே என் மெஷின். நடுக்கதவு வாடிக்கையாளர் நிற்க. மூன்றாம் கதவருகே இன்னொரு மெஷின், அதில் கொட்டச்சேட்டிலிருந்து வரும் ஒரு பெண் ஆறு வருடமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். பனி மாதங்களில் கரண்ட் இருந்தாலும் பல்புக்குள் கம்பி சிவப்பது தெரியும், ஊசிக்கண் தெரியாது.

எங்கள் ஊரில் கடைவரியைக் கதவை எண்ணிப் போட்டார்கள். சாலையைப் பார்த்த கதவு ஒன்றுக்கு இவ்வளவு. யார் எப்போது வகுத்தார்களோ, தெரியாது. பள்ளப் பக்கத்துக் கடைகள் சாலையிலிருந்து பார்த்தால் ஒரே அறை. உள்ளே படியிறங்கினால் கீழே இன்னொரு தளம் இருக்கும். எதிரே இருந்த மளிகைக் கடைக்காரர் கீழ்த்தளத்தில் காப்பிக்கொட்டை மூட்டைகளை அடுக்கியிருந்தார். முந்தின வருடம் முன்பக்கத்து நான்கு கதவுகளையும் எடுத்துவிட்டு ஒரு ரோலிங் ஷட்டர் போட்டார். ஒன்பதடி நாலு அங்குலம். ஷட்டர் ஒன்று, ஆகவே கதவு ஒன்று. என்னைப் போல மூன்று மடங்கு இடம் வைத்திருந்தவர் என் வரியில் மூன்றில் ஒரு பங்கு கட்டினார். விதிப்படி அதில் தப்பே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்த வருடம் வரியை உயர்த்தப் போவதாகச் சொன்னார்கள். உயர்ந்தாலும் மூன்று கதவுக்கு எப்படியாவது கட்டிவிடுவேன். நாலாவது என்று ஒன்று ஏறினால், ஒரு கதவைச் செங்கல் வைத்து அடைத்துத்தான் ஆகவேண்டும். என் மெஷினையும் வாசலையும் விட்டால் மிஞ்சுவது மூன்றாம் கதவு. அது அடைபட்டால் அந்தப் பெண்ணுக்கு வேலை இல்லை. அவளுக்கும் இது தெரியும்.

கதவை எண்ணாதீர்கள், தரையை அளந்து சதுர அடிக்கு இவ்வளவு என்று போடுங்கள் என்று நான்கு வருடத்தில் வரி ஆபீசுக்கு நான்கு மனு கொடுத்தேன். பதில் இல்லை. ஐந்தாவது மனுவோடு ஓர் அட்டவணை வைத்தேன். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு எங்கள் வீதியின் பதினோரு கடைகளையும் நானே அளந்தேன். மளிகைக்காரர்தான் டேப்பின் மறுமுனையைப் பிடித்தார்.

"கீழயும் அளக்கோணுங்களா அக்கா? பெருச்சாளிதான் குடியிருக்குது. அதோட இடுப்பளவையும் சேத்து எழுதிக்கங்க."

நீளம், அகலம், தளம், ஜன்னல், கதவு என்று ஐந்து பத்தி. ஒன்றையும் விடவில்லை.

செவ்வாயன்று பதினொன்று இருபதுக்கு வரி அலுவலர் வந்தார். கையில் என் அட்டவணை இருந்தது.

"இது நீங்க எழுதினதுங்களா? நொம்ப நீட்டா இருக்குதுங்க. எங்க ஆபீஸ்ல இப்படி எழுத ஆள் இல்லீங்க."

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "அப்போ இனிமேல் சதுர அடிதானுங்களே?" என்று கேட்டேன்.

"சதுர அடிக்கு ஃபாரத்துல கட்டமே இல்லீங்களே. கதவுன்னு ஒரு கட்டந்தான் இருக்குது."

"ஃபாரத்தை மாத்தலாமே."

"அது எங்க கையில இல்லீங்க. இங்க வசூல் ஏறுனாத்தான் அதுக்குத் தக்கன மேலிருந்து நிதி வருமுங்க. இந்த வருசம் ஏத்திக் காட்டலீன்னா சாக்கடை கட்டக்கூட ஒண்ணும் வராது. கடை முன்னால தண்ணி நிக்குதுன்னு எழுதுனது நீங்கதானுங்களே?"

நான்தான். இரண்டாவது மனுவில்.

அவர் சிவப்புப் பென்சிலால் அட்டவணையில் குறி போட ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். முதல் நான்கு பத்திகளைப் பென்சில் தொடவே இல்லை. கடைசிப் பத்தியில் மட்டும் குறிகள். மளிகைக் கடைக்குக் கீழ்த்தளத்துக் கதவு இரண்டையும் சேர்த்து மூன்று. என் கடைக்கு நான்கு.

துணி வெட்டுவதற்காக 1979இல் மலைச்சுவரைக் குடைந்து ஐந்தடிக்கு ஆறடியில் ஓர் அறை எடுத்திருந்தேன். எலி வராமல் இருக்க அதற்கு ஒற்றைப் பலகைக் கதவு. அட்டவணையில் நானே எழுதியிருந்தேன்: முன்புறம் 3, உட்புறம் 1.

"அது சாலையைப் பார்த்த கதவு இல்லீங்களே."

"இந்தத் தடவை எல்லாத்தையும் சேத்தறோமுங்க. உங்க அட்டவணைய வெச்சுத்தானே கீழ்த்தளத்தையே கண்டுபிடிச்சோம். உங்களுத மட்டும் உட்டா நாயமுங்களா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "பேசாம நீங்களும் ஷட்டர் போட்டுருங்களேன்" என்றார்.

ஷட்டரைத் தூக்கினால் முழுக்கத் திறந்துவிடும், பனி நேராக வந்து வெள்ளைத் துணியில் இறங்கும். அதையெல்லாம் விளக்க எனக்குத் தெம்பில்லை. "அந்த உள்கதவு இல்லாவிட்டால்?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்லீன்னா மூணுதானுங்க. இருக்கறதத்தானே எழுத முடியும். நாளைக்குப் பத்து மணிக்கு இதே வழியாத் தலைச்சோலை போறேன். ஒருக்கா பாத்துட்டுக் கையெழுத்துப் போடறனுங்க."

நாலு மணிக்கு மளிகைக்காரர் சாலையைத் தாண்டி வந்தார்.

"ஏனுங்கக்கா, பெருச்சாளி ஊட்டுக் கதவுக்கும் வரி போட வெச்சுட்டீங்களே! டேப்பப் புடிச்ச கையத்தான் வெட்டிப் போடோணும். என் கையத்தான் சொல்றனுங்க."

பக்கத்துக் கடையில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"நான் கேட்டது இது இல்லீங்க" என்றேன்.

"நீங்க கேட்டது எதுவானா என்னங்க? கெடச்சது இதுதானுங்களே."

சதுர அடிக் கணக்கில் அவருக்கு இன்னும் அதிகமாகவே வந்திருக்கும். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் வருத்தப்படுவார், எனக்கும் அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

கொட்டச்சேட்டுப் பெண் ஏழு பாவாடையையும் முடித்து மடித்து வைத்தாள். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "அக்கா, நாளைக்கு வரட்டுங்களா?" என்றாள்.

"வா கண்ணு. முதல் பஸ்ஸுக்கே வந்துடு" என்றேன்.

வரிக்காகக் கட்டடத்தை மாற்றுகிறார்கள், ஆகவே வரியை மாற்றுங்கள் என்று ஐந்து மனுவிலும் எழுதியவள் நான். அன்று இரவு டைரியில் கடைசியாக எழுதியது: திருகு எத்தனை என்று பார்க்கவேண்டும்.

10ஆம் தேதி, புதன்கிழமை, ஐந்து மணிக்கு எழுந்தேன். காபி போடாமல் நேராகக் கடைக்குப் போய் உள்கதவின் திருகுகளைக் கழற்றினேன். எட்டில் மூன்று துருவேறி இருந்தன, அவற்றைச் சுத்தியால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. முதல் பஸ்ஸில் அவள் வந்ததும் ஆளுக்கு ஒரு முனையாகக் கதவைத் தூக்கிக்கொண்டு போய் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம்.